குழப்பும் ஆங்கில வினைகள்: சாவி நம் தமிழில்தான் இருக்கிறது!



ஆங்கிலத்தில் நம்மை அதிகமாகத் தடுமாற வைப்பது எது? பெரிய பெரிய சொற்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய சொல் வந்தால் டிக்ஷனரியைப் புரட்டிப் பார்த்துவிடலாம். நம்மைக் கவிழ்ப்பவை சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான். பாரோ – லெண்ட், லை – லே, ரைஸ் – ரெய்ஸ், ஸே – டெல், டூ – மேக். இவற்றுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் நம் பள்ளியில் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் வாக்கியத்தில் இதைப் போடுவதா, அதைப் போடுவதா என்று வரும்போது பேனா அப்படியே நின்றுவிடுகிறது.

"தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த அறிவுரை பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. 'தமிழ் மீடியத்துல படிச்சா இங்கிலீஷ் வராது' என்று நம்மில் சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். அதனால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: தமிழில் மேலோட்டமாக யோசித்தால் ஆங்கிலம் தடுமாறும். தமிழில் துல்லியமாக யோசித்தால், சரியான ஆங்கில வினை பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

(ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துக்கூட்டலை வகுப்பில் டிக்ஷனரியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

★ 1. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

"கேன் ஐ லெண்ட் யுவர் பென்?" வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. இதன் பொருள் என்ன தெரியுமா? "உன் பேனாவை நான் (யாருக்காவது) இரவல் கொடுக்கட்டுமா?" கேட்டவருக்கு வேண்டியதோ இரவல் வாங்க!

லெண்ட் என்றால் கடன் கொடு, இரவல் கொடு. பாரோ என்றால் கடன் வாங்கு, இரவல் வாங்கு. தமிழில் இந்த இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. நாலு வயதுக் குழந்தைகூட 'கொடு' என்பதற்குப் பதில் 'வாங்கு' என்று சொல்லாது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குழம்புகிறோம்? இரண்டுக்கும் 'கடன்' என்று ஒரே அர்த்தத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால்தான்.

– கேன் ஐ பாரோ யுவர் பென்? (உன் பேனாவை நான் வாங்கிக்கொள்ளட்டுமா?)
– கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்? (உன் பேனாவை எனக்குக் கொடுக்கிறாயா?)

'ஐ' என்று தொடங்கினால் பாரோ, 'யூ' என்று தொடங்கினால் லெண்ட் என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். "ஐ வில் லெண்ட் யூ மை சைக்கிள்" என்பதும் சரியான வாக்கியம்தான். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். பேனாவில் தவறினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒரு கடிதத்தில் 500 ரூபாய் கடனைப் பற்றி எழுதும்போது தவறினால், கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவராக மாறிவிடுவார்!

இதே வகையில் இன்னும் சில:

– லேர்ன் = கற்றுக்கொள். டீச் = கற்றுக்கொடு. "ஹி லேர்ன்ட் மீ ஸ்விம்மிங்" என்பது தவறு. "ஹி டாட் மீ ஸ்விம்மிங்" என்பதே சரி.
– ரிமெம்பர் = ஞாபகம் வைத்துக்கொள். ரிமைண்ட் = ஞாபகப்படுத்து. "நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்து" என்பதற்கு "ரிமைண்ட் மீ டுமாரோ" என்று சொல்ல வேண்டும். "ரிமெம்பர் மீ" என்றால் "என்னை மறந்துவிடாதே" என்று ஆகிவிடும். அது பள்ளியை விட்டுப் போகும்போது ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதுவது!

கொள் – கொடு, வை – படுத்து என்று தமிழ் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது பாருங்கள். பிரிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் ஆங்கிலச் சொல்லை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

★ 2. எழுவதும் எழுப்புவதும்

தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தோம் அல்லவா? ஆடு – ஆட்டு, திரும்பு – திருப்பு, எழு – எழுப்பு, கிட – கிடத்து. தானே செய்தால் தன்வினை. இன்னொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. 'இது தமிழ்ப் பரீட்சைக்கு மட்டும்தான்' என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் குழப்பும் ஜோடிகளை அவிழ்க்கும் சாவி இதுதான்.

ரைஸ் = தானாக எழு, உயர். ரெய்ஸ் = எழுப்பு, உயர்த்து.

– தி சன் ரைஸஸ் இன் தி ஈஸ்ட். (சூரியன் கிழக்கில் எழுகிறது.)
– ரெய்ஸ் யுவர் ஹேண்ட்ஸ். (கைகளை உயர்த்துங்கள்.)
– விலை உயர்ந்தது என்றால் தி பிரைஸ் ரோஸ். கடைக்காரர் விலையை உயர்த்தினார் என்றால் தி ஷாப்கீப்பர் ரெய்ஸ்டு தி பிரைஸ்.

இதைக் கண்டுகொள்ள ஒரு சின்னக் கேள்வி போதும்: "எதை?" எதை உயர்த்தினார்? விலையை. பதில் கிடைத்தால் ரெய்ஸ். 'எதை எழுகிறது?' என்று கேட்கவே முடியாது. அப்படியானால் ரைஸ்.

லை = கிட, படு. லே = கிடத்து, வை, இடு.

– ஹி இஸ் லையிங் ஆன் தி பெஞ்ச். (பெஞ்சில் படுத்திருக்கிறான்.)
– லே தி புக் ஆன் தி டேபிள். (புத்தகத்தை மேஜை மேல் வை.)
– தி ஹென் லேஸ் எக்ஸ். (கோழி முட்டை இடுகிறது.)

பெஞ்சில் படுத்திருக்கும் நண்பனைப் பார்த்து "ஒய் ஆர் யூ லேயிங் ஹியர்?" என்று கேட்டால், 'ஏன்டா இங்க முட்டை போட்டுட்டு இருக்கே?' என்று கேட்டதுபோல ஆகிவிடும்!

இந்த ஜோடியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள்.

– படு: லை – லே – லெய்ன்
– வை, இடு: லே – லெய்டு – லெய்டு
– பொய் சொல்: லை – லைடு – லைடு

முதல் வரியின் இறந்தகாலமும் இரண்டாம் வரியின் நிகழ்காலமும் ஒரே சொல்: லே! அதனால்தான் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். "நேற்று நான் பாயில் படுத்திருந்தேன்" என்பதற்கு "யெஸ்டர்டே ஐ லே ஆன் தி மேட்" என்பதே சரி. இந்த மூன்று வரிகளை மட்டும் பத்து முறை எழுதிப் பாருங்கள். வேறு வழி கிடையாது.

இன்னொரு ஜோடி: ஃபால் = விழு, ஃபெல் = வீழ்த்து. மரம் விழுந்தால் தி ட்ரீ ஃபெல். மரத்தை வெட்டி வீழ்த்தினால் தே ஃபெல்டு தி ட்ரீ. இங்கேயும் அதே விளையாட்டுதான். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையும் ஒரே மாதிரி இருக்கின்றன.

உங்களுக்குத் தெரியுமா? பழைய ஆங்கிலத்திலும் பிறவினை உண்டு. உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றிப் பிறவினை ஆக்குவது அவர்கள் வழக்கம். ஸிட் – செட் (உட்கார் – உட்கார வை), லை – லே, ஃபால் – ஃபெல் எல்லாம் அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சங்கள். ரெய்ஸ் மட்டும் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் சேர்ந்தது. நாம் 'திரும்பு' என்பதில் உள்ள மெல்லின மெய்யை வல்லினமாக மாற்றித் 'திருப்பு' என்கிறோம். அவர்கள் உயிரை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் அந்த வழக்கம் நின்றுபோய், சில ஜோடிகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. தமிழில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்படியிருக்க, இந்தப் பாடம் நமக்கல்லவா சுலபமாக இருக்க வேண்டும்?

★ 3. வருவதும் போவதும்

கம் – கோ, ப்ரிங் – டேக். 'வா, போ, கொண்டு வா, கொண்டு போ' என்று இவற்றுக்கு அர்த்தம் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் 'கம்' எங்கே, 'கோ' எங்கே என்பதற்கு விதி என்ன?

விதியைத் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது! சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு வினைகளைப் பற்றிய பகுதி இருக்கிறது. வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, அதாவது என்னிடமோ உன்னிடமோ வருபவை. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை, அதாவது நம் இருவரையும் தாண்டி வேறு ஒருவரிடம் போய்ச் சேருபவை. இதுதான் அந்த விதியின் சாரம்.

ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

– நான் இருக்கும் இடத்துக்கு: கம் ஹியர். ப்ரிங் யுவர் நோட்புக்.
– நீ இருக்கும் இடத்துக்கு: ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் டுமாரோ. (நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்.)
– வேறு இடத்துக்கு: கோ டு தி ஆபீஸ். டேக் திஸ் லெட்டர் டு தி போஸ்ட் ஆபீஸ்.

வகுப்பில் ஆசிரியர், "நாளைக்கு ரெக்கார்ட் நோட்டைக் கொண்டு வாங்க" என்கிறார். ப்ரிங். காலையில் வீட்டில் அம்மா, "மறக்காம ரெக்கார்ட் நோட்டைக் கொண்டு போ" என்கிறார். டேக். நோட்டு ஒன்றுதான், பள்ளியும் ஒன்றுதான். பேசுபவர் நிற்கும் இடம்தான் வேறு. தமிழில் சொல்லிப் பாருங்கள், தானாகவே சரியாக வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: விடைபெறும்போது நாம் 'போயிட்டு வர்றேன்' என்போம். வெறுமனே 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்காது. அந்த மரியாதையை "ஐ வில் கோ அண்ட் கம்" என்று அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்தால், வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. "ஸீ யூ" அல்லது "ஐ ஆம் லீவிங் நௌ" என்று சொன்னால் போதும்.

இதோடு இன்னொன்று. ப்ரிங் என்பதன் இறந்தகாலம் ப்ராட், பை என்பதன் இறந்தகாலம் பாட். ப்ரிங் என்பதில் 'ர்' ஒலி இருக்கிறது, ப்ராட் என்பதிலும் இருக்கிறது. பை என்பதில் இல்லை, பாட் என்பதிலும் இல்லை. இவ்வளவுதான் விஷயம்!

★ 4. ஒரு 'போடு', எட்டு வினை!

இதுவரை பார்த்தது, தமிழிலும் இரண்டு சொல் இருக்கும் இடங்கள். தமிழில் ஒரே சொல் இருந்து, ஆங்கிலத்தில் பல சொற்கள் இருந்தால் என்ன செய்வது? உண்மையான சிக்கல் அங்கேதான்.

பேச்சுத் தமிழில் 'போடு' என்ற சொல் செய்யாத வேலையே கிடையாது. சட்டை போடு, கோலம் போடு, லைட்டைப் போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஓட்டுப் போடு, மார்க் போடு. எல்லாவற்றுக்கும் 'புட்' என்று எழுத முடியுமா? 'புட் தி லைட்' என்றால் விளக்கைத் தூக்கி எங்கேயோ வைக்கச் சொல்வதுபோல இருக்கும்.

வழி இதுதான். ஆங்கிலத்துக்குத் தாவுவதற்கு முன்னால் 'போடு' என்பதற்குப் பதிலாக எழுத்துத் தமிழ்ச் சொல் ஒன்றை வையுங்கள்.

– சட்டை போடு → அணி → வேர்
– கோலம் போடு → வரை → டிரா
– லைட்டைப் போடு → விளக்கை எரியவிடு → ஸ்விட்ச் ஆன்
– டீ போடு → தயார் செய் → மேக்
– கையெழுத்துப் போடு → கையொப்பமிடு → சைன்
– சண்டை போடு → சண்டையிடு → ஃபைட்
– ஓட்டுப் போடு → வாக்களி → வோட்
– மார்க் போடு → மதிப்பெண் கொடு → கிவ் மார்க்ஸ்

பார்த்தீர்களா? இடது பக்கத்திலிருந்து நேராக வலது பக்கத்துக்குப் போனால் தடுமாற்றம். நடுவில் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை வைத்தால் பாலம் போட்டதுபோல ஆகிவிடுகிறது. இந்த நடுச்சொல்தான் நான் சொன்ன சாவி. தமிழ்ப் பாடத்தில் ஒரு பொருள் தரும் பல சொற்களைப் படிக்கிறோமே, அது வீண் போகவில்லை!

★ 5. இன்னும் ஐந்து சொற்களுக்குச் சாவி

கேள்: இதற்கு மூன்று ஆங்கில வினைகள்.
– காதில் விழு → ஹியர். ஐ ஹியர்டு எ சவுண்ட். (ஒரு சத்தம் காதில் விழுந்தது.)
– காது கொடுத்துக் கேள் → லிஸன். லிஸன் டு தி டீச்சர்.
– வினவு → ஆஸ்க். ஆஸ்க் எ கொஸ்டின்.
காதில் விழுவது நாம் செய்யும் செயல் அல்ல, தானாக நடப்பது. அதனால்தான் 'எனக்குக் கேட்கிறது' என்பதற்கு 'ஐ ஆம் ஹியரிங்' என்று சொல்லாமல் 'ஐ கேன் ஹியர்' என்று சொல்கிறார்கள். லிஸன் நாம் செய்வது. எனவே 'ஐ ஆம் லிஸனிங்' சரி.

பார்: இதற்கும் மூன்று.
– கண்ணில் படு → ஸீ. ஐ ஸா எ ஸ்நேக்.
– பார்வையைத் திருப்பு → லுக். லுக் அட் தி போர்டு.
– தொடர்ந்து பார்த்துக்கொண்டிரு → வாட்ச். வீ வாட்ச்டு தி மேட்ச்.

சொல்: ஸே, டெல். 'கூறு' என்று வைத்துப் பொருந்தினால் ஸே. 'தெரிவி' என்று வைத்து, 'யாருக்கு?' என்ற கேள்விக்குப் பதில் உடனே பின்னால் வந்தால் டெல்.
– ஹி செட் தட் ஹி வாஸ் டயர்டு. (களைப்பாக இருப்பதாகக் கூறினான்.)
– ஹி டோல்டு மீ தட் ஹி வாஸ் டயர்டு. (களைப்பாக இருப்பதாக எனக்குத் தெரிவித்தான்.)
'ஹி செட் மீ' என்பது தவறு. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஹி செட் டு மீ' என்று நடுவில் 'டு' வர வேண்டும். கதை சொல்வது, உண்மை சொல்வது, பொய் சொல்வது மூன்றுக்கும் டெல்தான் வரும்.

வெல்: போட்டியையோ பரிசையோ வென்றால் வின். ஆளையோ அணியையோ தோற்கடித்தால் பீட். 1983ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் நம் அணி வெஸ்ட் இண்டீஸை 43 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இந்தியா வன் தி வேர்ல்டு கப். இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து உலக செஸ் சாம்பியன் பட்டம் வென்றார். குகேஷ் வன் தி டைட்டில். குகேஷ் பீட் டிங் லிரென். 'குகேஷ் வன் டிங் லிரென்' என்று எழுதினால், டிங் லிரெனையே பரிசாகப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆகும்! பீட் என்பதன் இறந்தகாலமும் பீட்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கண்டுபிடி: என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமானது. ஏனென்றால் இங்கே வினை தவறினால் அறிவியலே தவறிவிடும்.
– தொலைந்ததைத் தேடி எடு → ஃபைண்ட். ஐ ஃபவுண்ட் மை கீ.
– ஏற்கெனவே இருப்பதைக் கண்டறி → டிஸ்கவர்.
– இதுவரை இல்லாததை உருவாக்கு → இன்வென்ட்.

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவைக் கண்டறிந்தார். அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஒளியின் அந்தக் குணம் அதற்கு முன்பும் இருந்தது, அவர் அதை வெளிக்கொண்டு வந்தார். எனவே ராமன் டிஸ்கவர்டு தி ராமன் எஃபெக்ட். 1876இல் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசி அப்படி எங்கேயும் காத்துக்கொண்டிருக்கவில்லை. எனவே அது இன்வென்ட்.

இப்போது கலிலியோவை எடுத்துக்கொள்வோம். 'கலிலியோ தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார்' என்று பலரும் எழுதுகிறார்கள். 1608ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற கண்ணாடி செய்பவர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட கலிலியோ 1609இல் தாமே ஒன்றைச் செய்து, அதை மேலும் மேம்படுத்தினார். 1610இல் அதன் வழியாக வியாழனைச் சுற்றும் 4 நிலவுகளைக் கண்டறிந்தார். எனவே கலிலியோவுக்கு இன்வென்ட் பொருந்தாது. அவர் தொலைநோக்கியை இம்ப்ரூவ் செய்தார், நிலவுகளை டிஸ்கவர் செய்தார். 'கண்டுபிடித்தார்' என்ற ஒரே சொல்லில் நாம் இவ்வளவு வித்தியாசத்தையும் மூடி வைத்திருக்கிறோம். ஆங்கில வினையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க யோசித்ததால், தமிழில் சொல்வதிலும் ஒரு தெளிவு கிடைத்துவிட்டது. இது இரட்டை லாபம் இல்லையா?

★ 6. சாவிக்கும் திறக்காத பூட்டு

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா இடத்திலும் இந்த முறை செல்லாது. டூ – மேக் ஜோடி அப்படிப்பட்டது. இரண்டுக்குமே தமிழில் 'செய்'. பொதுவாக, வேலையைச் செய்தால் டூ. செய்து முடித்தபின் புதிதாக ஒன்று மிஞ்சினால் மேக். வீட்டுப்பாடம் ஒரு வேலை, எனவே டூ ஹோம்வொர்க். பானை ஒரு புதுப்பொருள், எனவே மேக் எ பாட். ஆனால் மேக் எ மிஸ்டேக், மேக் எ நாய்ஸ், மேக் எ பிராமிஸ், டூ எ ஃபேவர் போன்றவற்றைக் கணக்கில் அடக்க முடியாது. இவற்றைச் சேர்த்துச் சேர்த்தே மனதில் பதிய வைக்க வேண்டும். தமிழில் ஏன் 'தவறு செய்தான்', 'தப்புப் பண்ணினான்', 'பிழை விட்டான்' என்கிறோம்? வழக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு மொழிக்கும் அப்படிச் சில பிடிவாதங்கள் உண்டு.

மறதியிலும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. "குடையை பஸ்ஸில் மறந்துட்டேன்" என்பதற்கு, இடத்தைச் சொல்லும்போது 'ஃபர்காட்' என்று எழுதாமல் 'லெஃப்ட்' என்று எழுதுவதே முறை. ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா இன் தி பஸ். 'பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன்' என்று தமிழில் மாற்றிச் சொன்னால் லெஃப்ட் வந்துவிடும்.

★ 7. நீங்களே சோதித்துப் பாருங்கள்!

விடையைப் பார்க்காமல் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

1. ப்ளீஸ் ____ மீ யுவர் ஸ்கேல். (பாரோ / லெண்ட்)
2. தி பிரைஸ் ஆஃப் ரைஸ் ஹேஸ் ____. (ரிஸன் / ரெய்ஸ்டு)
3. யெஸ்டர்டே ஐ ____ ஆன் தி மேட் ஃபார் ஆன் அவர். (லே / லெய்டு)
4. ஷி ____ மீ தி ட்ரூத். (செட் / டோல்டு)
5. இந்தியா ____ ஸ்ரீலங்கா இன் தி 2011 வேர்ல்டு கப் ஃபைனல். (வன் / பீட்)
6. கலிலியோ ____ ஃபோர் மூன்ஸ் ஆஃப் ஜூபிடர். (இன்வென்டெட் / டிஸ்கவர்டு)
7. ப்ளீஸ் ____ மீ டு ரிட்டர்ன் தி லைப்ரரி புக். (ரிமெம்பர் / ரிமைண்ட்)
8. கோ டு தி ஆபீஸ் அண்ட் ____ திஸ் ரெஜிஸ்டர் வித் யூ. (ப்ரிங் / டேக்)
9. டோன்ட் ____ எ நாய்ஸ். (டூ / மேக்)
10. ____ டு திஸ் சாங். (ஹியர் / லிஸன்)

விடைகள்:
1. லெண்ட் (எனக்குக் கொடு). 2. ரிஸன் (விலை தானாக உயர்ந்தது, 'எதை?' என்று கேட்க முடியாது). 3. லே (படு என்பதன் இறந்தகாலம்). 4. டோல்டு (எனக்குத் தெரிவித்தாள்). 5. பீட் (அணியைத் தோற்கடித்தது). 6. டிஸ்கவர்டு (நிலவுகள் முன்பே இருந்தன). 7. ரிமைண்ட் (ஞாபகப்படுத்து). 8. டேக் (வேறு இடத்துக்குக் கொண்டு போ). 9. மேக் (வழக்கம்). 10. லிஸன் (காது கொடுத்துக் கேள்).

8க்கு மேல் சரியாக இருந்தால் சபாஷ்! 5க்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் பேச்சுத் தமிழ், நடுவில் துல்லியமான எழுத்துத் தமிழ், மூன்றாவதில் ஆங்கிலம். ஒரு நாளைக்கு மூன்று வினை போதும். ஒரு மாதத்தில் 90 வினை சேர்ந்துவிடும்.

நம் மொழி நமக்குத் தடை என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டாம். கொள் – கொடு, எழு – எழுப்பு, வா – போ என்று இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பேசும் நமக்கு, இன்னொரு மொழியின் பிரிவுகள் எட்டாமல் போகாது. நடுப்பத்தியைக் காலியாக விட்டுவிட்டுத் தாவாமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். 'பிடி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடி, மீன் பிடி, சளி பிடித்தது, குடை பிடி, எனக்குப் பிடிக்கும், அடம் பிடி. ஒவ்வொன்றுக்கும் நடுச்சொல் என்ன, ஆங்கில வினை என்ன? இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெற்றுத்தாள் ஒட்டியிருக்கிறது. பென்சிலில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த இதழில் எல்லோருடைய விடைகளையும் சேர்த்துப் பார்க்கலாம்!